பிரேக் அக்காவின் வலது கால்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து சீட்டில் அக்கா. அவள் காலடியிலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. சாலையில் போகும் ஜனங்கள் உயிரோடு வீடு திரும்புவது அந்தப் பெடலின் புண்ணியத்தில். அரசாங்கம் உரிமம் கொடுக்கும். ஆயுள் கொடுப்பது அக்காவின் வலது கால்.

அந்தக் கால்தான் இப்போது சொல்பேச்சுக் கேட்பதில்லை.

முதலில் கண்ணில் ஆரம்பித்தது. ஒரு கண்ணில் புகை படர்ந்தாற்போல மங்கல். புதுக் கண்ணாடி வாங்கினாள். மங்கல் தானாகப் போனது. கண்ணாடிக்காரர் தன் திறமை என்று சந்தோஷப்பட்டார். சில வருடம் கழித்து, குனிந்தால் கழுத்திலிருந்து முதுகுவரை சுரீரென்று கரண்ட். பிறகு பாதம் மரத்தது. நடந்தால் தள்ளாடினாள்.

தள்ளாடுகிற பெண்ணைப் பற்றி நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டிலேயே தொடங்கியது. அவளோடு குடியிருக்கும் மூத்த அக்கா ஒருநாள் வாசலிலேயே மறித்தாள்.

"ஊதுடி."

"எதுக்கு?"

"ஊதுன்னா ஊது. இந்த வயசுல உனக்கு அது வேற கேக்குதா?"

ஊதினாள். மத்தியானம் சாப்பிட்ட மிளகு ரசத்தின் மணம்தான் வந்தது. மூத்தவளுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. வாசனை வராத சரக்கும் இருக்கிறதாம்.

தள்ளாட்டம் நிற்காததால் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன் எடுத்தபோது மூளையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றாள் டாக்டரம்மா. பேரைக் கேட்டதும் பாதி உயிர் போயிற்று.

"வீட்டுக்குக் காவலா ஒரு நாய் வளக்கிறீங்க. அது திருடனை விட்டுட்டு வீட்டு ஒயரைக் கடிச்சா எப்படி? நோயை எதிர்க்க வேண்டிய சக்தி, உங்க நரம்புக்கு மேல இருக்கிற உறையையே கடிக்குது. மூளை சொல்றது காலுக்கு ஒழுங்கா போய்ச் சேரல."

"நாயை அடிச்சு விரட்டிடலாமா?"

"கட்டிப்போடலாம். இந்த மாதிரி பலமா வர்றப்ப சில நாள் டிரிப்ஸ். அடிக்கடி வராம இருக்க நீண்ட நாள் மருந்து. உடற்பயிற்சி. அசந்து விழறதுக்கு முன்னாடியே ஓய்வு. வெயில்ல, சூட்டுல தொந்தரவு கூடும். உடம்பு குளிர்ந்தா குறையும். ரொம்பப் பேர் இதோட வேலைக்குப் போறாங்க. ஆனா கால் உணர்வு திரும்புற வரைக்கும் அந்த சீட்டுல உக்காராதீங்க."

கடைசி வாக்கியத்தை மட்டும் அக்காவின் காது வாங்கிக்கொள்ளவில்லை. டிரிப்ஸ் போட இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

அவள் கணக்கு இது: குடிகாரி என்றால் முதலாளி திட்டுவார், திருந்தச் சொல்வார், வேலை இருக்கும். நோயாளி என்றால் பரிதாபப்படுவார், பூங்கொத்து கொடுப்பார், வேலை போய்விடும். ஆகவே வதந்தியை வளரவிட்டாள். இரண்டு பேர் எதிரே வந்தால் வாய் நாற்றத்தை மறைப்பவள்போல வேண்டுமென்றே ஏலக்காய் மென்றாள்.

ஆனால் பயத்தை எதை மென்று மறைப்பது? பெடல்மேல் கால் இருக்கிறதா என்று கால் சொல்லாது; கண்தான் பார்த்துச் சொல்லவேண்டும். கீழே பார்த்தால் சாலை போய்விடும், சாலையைப் பார்த்தால் கால் போய்விடும். கழுத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, பயந்தாங்கொள்ளிகளாகப் பொறுக்கிப் பாடம் எடுத்தாள். நாய் குரைத்தாலே வண்டியை நிறுத்திவிடும் மருந்துக்கடைக்காரர் அவளுக்குத் தெய்வமாகத் தெரிந்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது முதலாளி அவள் தலையில் சமையல் கான்ட்ராக்டரைக் கட்டினார். ஆள் ஆஜானுபாகு. ஸ்கூட்டருக்குக் கூரை போட்டால் கார் என்பது அவர் சித்தாந்தம்.

"கவலைப்படாதீங்க மேடம், என் கை அண்டா தூக்கின கை."

"அண்டாவுக்கு முன்னாடி ஆள் குறுக்க வராது சார். மெதுவா."

உச்சி வெயில். ஏசி பெயருக்கு முனகியது. ஈரத்துணி காய்ந்தது. அவளுடைய கண்ணில் பழைய புகை மெல்லப் படர்ந்தது. சந்தைத் திருப்பத்தில் ஒரு பெண், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கினாள்.

"பிரேக்!"

கான்ட்ராக்டர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். மிதித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அழுத்தினாள். உயிரைக் கொடுத்து அழுத்தினாள். கார் போய்க்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால், கால் பெடலுக்குப் பக்கத்தில் வெறும் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருக்கிறது. இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடுங்கி இழுத்தாள். வண்டி கிறீச்சிட்டு, குலுங்கி, அணைந்து நின்றது. அந்தப் பெண்ணின் புடவை பம்பரில் உரசியது. குழந்தை எதுவும் புரியாமல் காரைப் பார்த்துச் சிரித்தது.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகும் அக்கா ஹேண்ட் பிரேக்கை விடவில்லை.

கான்ட்ராக்டர் கண்ணைத் திறந்தார். "அடேயப்பா, என்னா பிரேக் மேடம்!"

பள்ளிக்கு வந்ததும் ஊர் கூட்டிச் சொன்னார். "கால் இல்லய்யா அது, மின்னல்!"

முதலாளிக்குப் பூரிப்பு. அவளைவிட இளையவர். "இனிமே முரட்டு ஆளுங்க எல்லாம் உன்கிட்டதான்க்கா."

வாயைத் திறக்காவிட்டால் மாலையும் மரியாதையும். யாருக்கும் தெரியாது. நாளைக்கு மறுபடி அதே சீட். அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அது கால் இல்ல. கால் எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியல. கையால இழுத்தேன்."

"என்னக்கா சொல்ற?"

சொன்னாள். ஒயர், நாய், வெள்ளைப் புள்ளி, எல்லாம். முதலாளி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் குடின்னுல்ல நினைச்சேன்..."

"நினைச்சுக்கங்கன்னுதான் விட்டேன்."

"தொத்துமா?"

"எனக்கு வந்ததே எப்படின்னு டாக்டருக்கே முழுசா தெரியல. அடுத்தவங்களுக்குத் தொத்தாது. உங்க காருக்கும் தொத்தாது."

"எப்ப சரியாகும்?"

"தெரியாது. கால்ல உணர்வு திரும்பி வரும்ங்கிறாங்க. எவ்வளவு வரும்னு சொல்ல மாட்டேங்கிறாங்க."

அவர் சாவியை எடுத்தார். "கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு. மத்ததை அப்புறம் பேசுவோம்." மத்தது என்றால் எது என்று கேட்க அக்காவுக்குத் துணிச்சல் வரவில்லை.

வாசலில் அதே கார்தான் நின்றது. முதலாளி ஸ்டியரிங்கில் உட்கார, அக்கா பழகிய சீட்டில் ஏறினாள். ஏறியவள் இரண்டு கையாலும் வலது காலைத் தூக்கிச் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதாக்கா?"

"இல்ல தம்பி. கீழ பெடல் இருக்கு. எனக்குத் தெரியாம அது பாட்டுக்கு அழுத்திடுச்சுன்னா?"

முதலாளி வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரி வரும்வரை அக்கா முழங்காலைக் கெட்டியாகப் பிடித்தபடியே இருந்தாள்.