தலைகீழ்க் கற்றாழைக்குத் தண்ணீர்

கற்றாழை வறட்சியில் சாகாது, உபசாரத்தில்தான் சாகும். எங்கள் குடியிருப்பில் யாருடைய தொட்டியிலாவது மடல் குழைந்து மஞ்சளாகிவிட்டால், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவளிடம் செடிக்கு வைத்தியம் கேட்பது ஏன் என்று தெரியவில்லை. எதற்கும் முறை என்று ஒன்று இருக்கும், அது இவளுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். நானும் சொல்கிறேன். மணலும் செங்கல் பொடியும் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். தொட்டியின் அடியில் ஓட்டை வேண்டும். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றலாம். காய்ந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஊற்ற வேண்டாம். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போய், மறுநாள் காலையில் ஒரு சொம்பு ஊற்றுகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எட்டு வயதில் நானும் ஒரு கற்றாழையை ஊற்றியே கொன்றிருக்கிறேன். அதுவும் வாசலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றை.

அப்போது நாங்கள் மீனாட்சிபுரத்தில் இருந்தோம். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தை எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். இடமும் கிடைத்துவிட்டது. மழைக்காலம் தொடங்கிப் பள்ளிகள் திறக்கும்போது போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒரு காகிதத்தில் காப்பாளர் கையெழுத்து வேண்டும். காப்பாளர் அப்பாதான். அவர் அந்தக் காகிதத்தை முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டு, "பாக்கலாம்" என்றார். பிற்காலத்தில் நான் வேலை பார்த்த இடத்தில் எத்தனையோ காகிதங்கள் இதே சொல்லோடு உறங்கியதைப் பார்த்திருக்கிறேன். முருகன் படம் மட்டும்தான் இல்லை.

"பாக்கலாம்" என்றதற்குக் காரணம், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு சம்பந்தம். தென்னந்தோப்பு, அரிசி மில், ஒரே பையன். படித்தவரைக்கும் போதும் என்று அவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டாள். அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எனக்குப் பட்டுப்பாவாடை கிடைக்கும் என்பதால் நான் ஆரம்பத்திலிருந்தே அந்தச் சம்பந்தத்தின் பக்கம்.

முன்பு இரண்டு இடங்கள் பேசித் தட்டிப்போயிருந்தன. இது யாருடைய கண்ணோ என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. சித்திரை அமாவாசையன்று வரப்பிலிருந்து ஒரு பெரிய சோற்றுக்கற்றாழையை வேரோடு பிடுங்கிவந்து, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, வேர் மேலும் மடல் கீழுமாக வாசல் நிலையில் கயிறு போட்டுக் கட்டினார். மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். அது பசுமையாக இருந்தால் வீடும் அப்படியே இருக்கும் என்பது கணக்கு.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நாங்கள் மோராகக் குடித்துத் தள்ளிக்கொண்டிருந்தோம். வாசலில் அது மட்டும் தலைகீழாகத் தொங்கியது.

"அதுக்குத் தண்ணி வேண்டாங்களாப்பா?"

"அதுக்கென்னத்துக்குத் தண்ணி? காத்தக் குடிச்சே பொழச்சுக்கும் போ."

காற்றை நானும் குடித்துப் பார்த்தேன். தாகம் தீரவில்லை. ஆகவே அப்பா பால் சொசைட்டிக்குப் போன ஒரு காலையில், ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து மேல்நோக்கி வீசினேன். பெரும்பகுதி என் தலையிலேயே விழுந்தது. இரண்டாவது டம்ளரோடு திரும்பி வந்தபோது வாசலில் அத்தை நின்றிருந்தாள்.

"என்ன அம்மிணி பண்றே?"

"தாகமா இருக்குதத்தே. நாக்கெல்லாம் தொங்கப் போட்டிருக்குது பாருங்க."

அடி விழும் என்று நினைத்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு செடியைப் பார்த்தாள். செடியைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"ஆமா, பாவம்" என்றாள். "அப்படி வீசுனா வேருக்கு எப்படிப் போவும்? வா, தூக்கறேன்."

இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். நான் வேரில் ஊற்றினேன். "மெதுவாப் பொறுக்க ஊத்து கண்ணு. இன்னும் சித்தெ ஊத்து" என்று கீழிருந்து குரல் வந்தது. ஊற்றிய தண்ணீர் மடல் வழியாக இறங்கிச் சொட்டிவிடுவதைப் பார்த்து, மறுநாள் அத்தையே ஒரு பழைய துணியைக் கிழித்து வேரடியைச் சுற்றிக் கட்டினாள். ஈரம் நிற்க வேண்டுமாம். அதன்மேல் அப்பா கட்டிய மஞ்சள் துணியைப் போட்டு மூடினாள்.

"அப்பங்கிட்டச் சொல்லீராதே. சொன்னாப் பலிக்காது."

எது பலிக்காது என்று நான் கேட்கவில்லை. செடி பிழைப்பதைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அப்பா அந்தப்பக்கம் போனதும் இந்தப்பக்கம் எங்கள் தர்மம் நடக்கும். ஒருநாள் அம்மா வந்து, "வாசப்படியெல்லாம் என்ன ஈரம்?" என்றாள். "புழுதியாக் கெடந்துச்சுங்க நங்கையா, தண்ணி தெளிச்சேன்" என்றாள் அத்தை. அண்ணியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அம்மா அண்ணாந்து ஒருமுறை மேலே பார்த்துவிட்டு, "தெளி தெளி" என்று உள்ளே போய்விட்டாள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் மடல்கள் கொழுத்துப் பளபளத்தன. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதன்பிறகு பச்சை வெளுத்து, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிய ஆரம்பித்தது. செடிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டதால் அப்படித் தெரிகிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். முடிவு சரிதான். விளைவுதான் வேறு.

பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை வந்தார்கள். பையன் வரவில்லை; அவனுடைய அப்பா அம்மா மட்டும். அப்பா பால்காரர் வீட்டிலிருந்து இரண்டு மர நாற்காலிகள் கடன் வாங்கி வைத்திருந்தார். பையனின் அம்மா வாசல் ஏறியதும், என் அம்மா ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து நிலையை ஒட்டிப் போட்டாள்.

"இங்க உக்காருங்க. இங்கதானுங்க காத்து நல்லா வரும்."

எங்கள் வீட்டில் காற்று நன்றாக வருவது பின்கட்டில். இதை அம்மா மறந்தது எப்படி என்று நான் இன்றுவரை விசாரணை எதுவும் வைத்ததில்லை.

அத்தை காப்பித் தட்டோடு வந்து நின்றாள். பெரியவர், "அடுப்பு வேலையெல்லாம் பழக்கமுங்களா?" என்று ஆரம்பித்தார். அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, பையனின் அம்மாவுடைய பட்டுச்சேலையில் தோள்பக்கம் ஒரு சொட்டு விழுந்தது. மஞ்சளும் பழுப்புமாக. அந்தம்மா அதை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"ஏனுங்க, இதென்னங்க இந்த நாத்தம்?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். எல்லோரும் பார்ப்பதற்காகவே காத்திருந்ததுபோல, கற்றாழை வேரையும் துணியையும் கயிற்றிலேயே விட்டுவிட்டு, தொப்பென்று அவர் காலடியில் விழுந்தது.

அந்தம்மா எழுந்தார். "வாசலக் காக்கறதே அழுவிப் போச்சுங்களே" என்றார், அப்பாவை அல்ல, தன் வீட்டுக்காரரைப் பார்த்து. பெரியவர் காப்பியை அவசரமாகக் குடித்து முடித்தார். "சரிங்க. ஊட்டுக்குப் போயிக் கலந்துட்டுச் சொல்லியுடறமுங்க." எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். எட்டு வயதிலேயே அது எனக்குத் தெரியும்.

அவர்கள் போனபின் அப்பா துணியையும் வேரையும் பார்த்துக்கொண்டே நின்றார். "வெயில்ல காயும், சுருங்கும். எங்காச்சும் கத்தாழை அழுவுமா?" நான் மாட்டுக்கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டேன். பட்டுப்பாவாடை போனது ஒருபக்கம். அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான் என்பது மறுபக்கம்.

அம்மாவின் குரல் கேட்டது. "எத்தன திருஷ்டி இருந்திருந்தா அதே அழுவியிருக்கும்? நம்ம புள்ளைக்கு வரவேண்டியதை அது வாங்கிக்கிச்சுங்க. இந்த எடம் வேண்டாம். ஒரு வருசத்துக்கு எந்த எடமும் பாக்க வேண்டாம்."

"அதுவரைக்கும் ஊட்டுல சும்மா இருக்கட்டுங்கறயா?"

"சும்மா எதுக்கு இருக்கோணும்? அந்தக் காயிதம் அங்கயே தான இருக்குது."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. முருகன் படம் இருந்த உயரத்துக்கு நாற்காலி தேவைப்படும்.

அத்தை கொட்டகைக்குள் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். நான் விக்கி விக்கி, "என்னாலதானுங்களா அத்தே?" என்றேன். இல்லை என்று சொல்வாள், கண்ணைத் துடைத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, "ஆமா கண்ணு, உன்னாலதான்" என்று சொல்லி, மாறி மாறி முத்தமிட்டாள். இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்று எனக்கு இன்னும் அழுகை கூடியது.

விழுந்த செடியின் பக்கவாட்டில் அழுகாமல் ஒரு குட்டி ஒட்டியிருந்தது. அத்தை அதைக் கத்தியால் பிரித்து, வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டும்வரை கொட்டகைச் சுவர்மேல் நிழலில் போட்டுவைத்தாள். பிறகு அடியில் ஓட்டை விழுந்த ஒரு பானையில் ஆற்றுமணலும் ஓட்டுத்துண்டும் போட்டு நட்டாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. பயிற்சிக்குக் கிளம்பிய அன்று, தகரப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, பஸ் வருவதற்குள் என்னை அந்தப் பானைக்கு முன்னால் கூட்டிவந்து நிறுத்தினாள்.

"நீதான் பாத்துக்கோணும். தண்ணி மட்டும் ஊத்தீராதே. மண்ணு நல்லாக் காஞ்சாத்தான், அதுவும் ஒரு கை. தெனமும் ஊத்துனா அழுவிச் செத்துப்போயிரும்."

"தாகமா இருக்காதுங்களா?"

"இருக்காது."

நான் சரி என்று தலையாட்டினேன். தலைகீழாகத் தொங்கும் கற்றாழைக்குத் தினமும் ஊற்ற வேண்டும், நிமிர்ந்து நிற்பதற்கு ஊற்றக்கூடாது என்று இரண்டு விதிகள் இருப்பதாக மனதில் குறித்துக்கொண்டேன். கல்லூரிக்குப் போகும்வரை, கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொல்லியும் வந்தேன்.