லோகநாயகி கொடுத்த இருமல் மருந்து

லோகநாயகிக்குச் சொந்த ஊர் புவனகிரி. குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸாக இருந்தாள். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். அவர் எழுதித் தராமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது விதி. இருமிக்கொண்டு வந்து நிற்கிறவரை எப்படித் திருப்பி அனுப்புவது என்று அவள் கொடுத்துவிடுவாள்.

2009இல் நிர்வாகம் போதைப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. தொழிலாளர்கள் கூப்பிட்ட அன்று சிறுநீர் கொடுக்க வேண்டும். அதைப் பரிசோதிப்பதும் லோகநாயகியின் வேலையாயிற்று.

ஒருநாள் ஆபரேட்டர் சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள். பீடிகூடப் பிடிக்காத மனிதர். ஆனால் பரிசோதனை அபின் வகைப் போதை என்று காட்டியது. முந்தின நாள் அவருக்கு இருமல் மருந்து கொடுத்தவள் லோகநாயகிதான். அபினிலிருந்து எடுக்கிற சரக்கு அதில் உண்டு என்பது அவளுக்குத் தெரியும்.

பாதுகாப்பு அதிகாரி ஜெயப்பிரகாஷ் முதலுதவி அறையிலேயே வைத்து விசாரித்தார். இருமல் மருந்து குடித்தேன் என்றார் சாமிக்கண்ணு. எங்கே வாங்கினீர்கள் என்ற கேள்விக்கு ஒரு கணம் லோகநாயகியைப் பார்த்தார்.

"கடையில சார்."

எந்தக் கடை என்று சொல்ல அவரால் முடியவில்லை. வேலை போயிற்று. லோகநாயகி வாயைத் திறக்கவில்லை. கணவர் நடமாட முடியாதவர். அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கஞ்சா கேஸில் போனவர் என்று ஊரில் பேச்சு பரவியது. அவர் மகள் சந்திரலேகாவைப் பேசி முடித்திருந்த குறிஞ்சிப்பாடி மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். கம்பெனி பஸ்ஸில் யாரோ இதைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். லோகநாயகி காதில் அது விழுந்தது. மறுநாள் சாமிக்கண்ணு வீட்டுக்குப் போனாள்.

சாமிக்கண்ணு முந்திரி மூட்டை தூக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொன்னா உங்களயும் அனுப்பிடுவாங்க நர்சம்மா. எதுக்கு ரெண்டு குடும்பம் கஷ்டப்படணும்?"

அவர் மனைவி தில்லையம்மாள் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அவரு சொல்லல, சரி. நீங்க சொல்லிருக்கலாம்ல?"

லோகநாயகி தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஜெயப்பிரகாஷிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "அன்னைக்கே ஏன் மேடம் சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரமே அவளை நிறுத்தினார்கள். சாமிக்கண்ணுவைத் திரும்ப எடுத்தார்கள். முறிந்த சம்பந்தம் முறிந்ததுதான்.

லோகநாயகி சிதம்பரத்தில் ஒரு கிளினிக்கில் சேர்ந்தாள். சம்பளம் பாதிதான். இப்போது யாராவது இருமல் மருந்து கேட்டால் டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிடுவாள்.

2011இல் சந்திரலேகாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிவாயிற்று. சாமிக்கண்ணுவும் தில்லையம்மாளும் கிளினிக்குக்கே வந்து பத்திரிகை வைத்தார்கள். "கண்டிப்பா வரணும்" என்று தில்லையம்மாள் கையைப் பிடித்துச் சொன்னாள். வருகிறேன் என்றாள் லோகநாயகி.

முகூர்த்த நாளன்று அவளுக்கு விடுமுறை. கூட வேலைபார்க்கும் பெண்ணிடம் கேட்டு, அவளுடைய டியூட்டியை வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விட்டாள்.