ஓரடி ஆழத்தில் உச்சி வேளை

சேலத்துக் கல்லூரியில் பௌதிகம் முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை மண்ணின் சூட்டை அளப்பது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். அங்கே ஒரு சரிவில் நிழல் மரங்கள் காற்றில் சாய்ந்துவிட்டன. வெட்டவெளியாகிப் போன அந்த இடத்தில் நட்ட நாற்றுகள் அடித்தண்டு கருகிச் செத்துக்கொண்டிருந்தன. மண்ணின் சூடுதான் காரணமா என்று மேனேஜருக்குத் தெரிய வேண்டும். தெர்மாமீட்டர் பார்க்கவும் கணக்குப் போடவும் தெரிந்த ஆள் ஓராண்டுக்குத் தேவை என்றார்கள். மண்ணுக்குக் காய்ச்சல் பார்க்கவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று அப்பா கேட்டார். ஆனாலும் பஸ் ஏற்றிவிட அவரே வந்தார்.

வெட்டவெளியில் ஒரு பாத்தி, சில்வர் ஓக் மர நிழலில் ஒரு பாத்தி. ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலம், ஆறு அங்குலம், ஓரடி என்று மூன்று ஆழங்களில் தெர்மாமீட்டர்கள். ஓரடிக்காரன் மட்டும் இரும்புக் குழாய்க்குள் சங்கிலியில் தொங்குவான். வெளியே இழுத்துப் படிப்பதற்குள் பாதரசம் நகர்ந்துவிடாதபடி அவன் குமிழுக்கு மெழுகு பூசியிருக்கும். காலை ஏழு மணிக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கும் பார்த்து எழுத வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். மேனேஜர் வெட்டவெளியின் ஓரடிக் கணக்கைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். காலையில் கூடுதலாகவும் மத்தியானம் குறைவாகவும் இருந்தது. கட்டம் மாற்றி எழுதிவிட்டீர்கள் என்றார். இல்லை என்றேன்.

“வெயில் ஏற ஏற மண்ணு சூடாகுமா, ஆறுமா?” என்று கேட்டார்.

கோபம் வந்தது உண்மை. ஆனால் எஸ்டேட்டில் எனக்குக் கொடுத்திருந்த லைன் வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது கோபம் கரைந்து, அது எப்படி என்கிற குடைச்சல் மட்டும் மிஞ்சியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடையும் ஒரு டப்பா புளிச்சோறுமாகப் பாத்தியோரம் உட்கார்ந்துவிட்டேன். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை மணிக்கொரு தரம் படித்தேன். இரண்டு அங்குலத்தில் சூடு வெயிலோடு சேர்ந்து ஏறி, மத்தியானத்துக்கு மேல் இறங்கியது. ஆறு அங்குலம் தாமதமாகத்தான் கண் விழித்தது. நான் கிளம்பும்போதுகூட அது ஏறிக்கொண்டிருந்தது. ஓரடியோ காலையிலிருந்தே இறங்கிக்கொண்டிருந்தது. சூரியன் உச்சியில் நின்று என் நிழல் காலடியில் சுருண்டு கிடந்த நேரத்தில்தான் அது அன்றைய நாளின் மிகக் குறைந்த சூட்டைத் தொட்டது. பிறகு மெல்ல, கோட்டுக்குக் கோடு ஏறத் தொடங்கியது. முந்தைய இரவின் குளிர் மண்ணுக்குள் நடந்து நடந்து அப்போதுதான் ஓரடிக்கு வந்து சேர்ந்திருந்தது.

அந்த அளவுகளை வரைபடத் தாளில் போட்டு மேனேஜரிடம் காட்டினேன். ரப்பரை எடுத்து அந்த வட்டத்தை அழித்தார். சிவப்பு முழுதாகப் போகவில்லை. பிறகு, இதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று கேட்டார்.

கல்லூரிப் புத்தகத்தில் வெப்பம் அலையாகக் கீழே இறங்குவதற்கு ஒரு சூத்திரம் உண்டு. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது. லாகரிதம் அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் போராடினேன். அதன்பின், வானம் தெளிந்திருந்தால் நாளை இரண்டு மணிக்கு எந்த ஆழத்தில் என்ன சூடு என்று முந்தின நாளே எழுதி வைக்க முடிந்தது. நிழல் பாத்தியில் அனேகமாகச் சரியாக வந்தது. வெட்டவெளியில்தான் சில நாள் அப்படியே பொருந்தும், சில நாள் இரண்டு அங்குலத்தில் நான் எழுதியதைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். மேகம் இல்லை, மழை இல்லை. கணக்கை மூன்று முறை திரும்பப் போட்டேன். தெர்மாமீட்டர்களை இடம் மாற்றிப் பார்த்தேன். கடைசியில், பொருந்தாத நாட்களை எஸ்டேட்டின் வருகைப் பதிவோடு ஒப்பிட்டேன். அந்த நாட்களிலெல்லாம் பெண்கள் அந்தச் சரிவில் களை எடுத்திருந்தார்கள்.

அப்படி ஒரு நாள் ஒரு மணிக்கே போனேன். தினமும் எனக்கு வணக்கம் சொல்லும் ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், முழங்காலிட்டு உட்கார்ந்து தெர்மாமீட்டர்களைச் சுற்றிக் காய்ந்த சருகைக் குவித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

“ஏனுங்க ரைட்டரம்மா, இன்னைக்கு நேரத்துலயே வந்துட்டீங்க.” நோட்டு வைத்திருக்கும் எல்லோரும் அங்கே ரைட்டர்தான்.

என்னக்கா செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“வெயில்ல வெடிச்சுப் போயிருமுங்க. எம்பையனுக்குக் காய்ச்சல் பாத்த கண்ணாடிக் குச்சி அப்படித்தான் வெடிச்சுது. நீங்க வர்றதுக்குள்ள சருகை வாரி எடுத்துருவேனுங்க. ஒரு தழைகூட இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல.”

சொல்லியிருந்தேன்தான். இது வேறு மாதிரிக் குச்சி, வெடிக்காது என்று விளக்கினேன். அவள் குனிந்து இரும்புக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

“உள்ள என்னதானுங்க இருக்குது? தெனமும் எட்டி எட்டிப் பாக்கறீங்களே.”

இந்த நேரத்தில் ஓரடிக்குக் கீழே குளுமையாக இருக்கும் என்றேன். அவள் நம்பவில்லை. பாத்தியை விட்டுத் தள்ளிப்போய், களைக்கொத்தால் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி பறித்துக் கையை உள்ளே விட்டாள். விட்ட கையை எடுக்கவே இல்லை.

“நொம்பச் சில்லுன்னு இருக்குதுங்க,” என்றாள் மெதுவாக. பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டாள். களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து, குழிக்குள் கையை விட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கால் மணி நேரம் களை அப்படியே நின்றது.

அந்த நாட்களின் அளவுகள் கெட்டுவிட்டன என்பதை மேனேஜரிடம் சொல்லியாக வேண்டும். அவளுடைய வேலைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். அதை அவளிடமே சொன்னேன். நானே வந்து சொல்கிறேன் என்று கூடவே வந்து, ஆபீஸ் வாசலில் நின்று நடந்ததையெல்லாம் சொன்னாள். மேனேஜர் அவளைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து, சருகு போட்ட நாளில் எத்தனை டிகிரி குறைந்தது என்று மட்டும் கேட்டார். நான் சொன்னதைத் தாளில் குறித்துக்கொண்டு, நாளைக்கே சருகு மூடிய மூன்றாவது பாத்தி ஒன்று வேண்டும் என்றார்.

அடுத்த நடவில் நாற்றுகளின் காலடியில் சருகு பரப்பினார்கள். எல்லாம் பிழைக்கவில்லை. ஆனால் முன்போல் வரிசை வரிசையாகக் கருகவும் இல்லை.

என் சூத்திரம் கோடைமழை வரை தாங்கியது. முதல் மழை ஒரு சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. விட்டவுடன் குடையோடு ஓடினேன். குளிர்ந்திருக்கும் என்று நினைத்த ஓரடியில், ஒரு மணி நேரத்துக்குள் சூடு கூடியிருந்தது. குழாய்க்குள் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈரமே இல்லை. மேல்மண்ணின் சூட்டை மழைத்தண்ணீர் தன்னோடு கீழே கொண்டுபோயிருக்க வேண்டும். என் கணக்கில் சூடு தானாக நடந்துதான் இறங்கும், தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டு போகாது. சேற்றில் நின்றபடியே அந்த அளவை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அடுத்த கால் மணிக்காகக் காத்திருந்தேன்.