மூன்றாவது சிலிண்டர்

"வண்டில வேற யாராச்சும் கை வெச்சாங்களாக்கா?" என்று அவர் கேட்டார்.

"இல்லண்ணா, யாரும் தொடல" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் வழக்கத்தைவிடத் தெளிவாகிவிடும். அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. அவர் அதை நம்பி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

அவர் மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித் தகர ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக். ஆறு வருடமாக என் பழைய வேனை அவர்தான் பார்க்கிறார். அதில் நான் ஸ்கூல் ட்ரிப் அடிக்கிறேன். காலையில் ஏழு பிள்ளைகள், சாயங்காலம் அதே ஏழு பேர். வீட்டில் சம்பாதிப்பது நானும் அந்த வேனும் மட்டும்தான். அது படுத்துக்கொண்டால் நானும் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முந்தின நாள் காலை தாம்பரம் மேம்பாலத்தில் ஏறும்போது வேன் குலுங்கி, திணறி, பாதியில் நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ். நான் கைபிரேக்கை இழுப்பதற்குள் ஓர் அடி பின்னால் உருண்டது. பின்சீட்டில் இருந்த யூகேஜிப் பெண் வீல் என்று கத்தினாள். பத்து மணிக்குள் விஷயம் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. "திங்கட்கிழமைக்குள் வண்டி சரியாகலன்னா நாங்க வேற வேன் பாத்துக்கறோம்" என்று ஓர் அம்மா எழுத, அதற்குக் கீழே ஐந்து கட்டைவிரல்கள் உயர்ந்தன.

சனிக்கிழமை காலை எப்படியோ திணறித் திணறி ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்துவிட்டேன். இன்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தது. "சூடா இருக்கறதும் நல்லதுதான். தம் எவ்ளோ கீதுன்னு பாத்துடலாம்" என்றார். கம்ப்ரஷனை அவர் தம் என்றுதான் சொல்வார். சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்குகிற காற்று எங்கேயும் கசியாமல் நின்றால் தம் இருக்கிறது. கசிந்தால் இல்லை. எங்கே கசிகிறது என்பதில்தான் என் திங்கட்கிழமை இருந்தது.

முன்சீட்டைத் தூக்கிச் சாய்த்தார். இந்த வேனில் இன்ஜின் சீட்டுக்கு அடியில்தான். வண்டி கேஸில் ஓடுவதால் முதலில் கேஸைப் பூட்டி, கரண்ட் கொடுக்கும் காயில் வயரைக் கழற்றி, மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். முதல் பிளக் இருந்த ஓட்டையில் ஒரு மீட்டரைத் திருகினார். அன்றைக்கு அவர் தனி ஆள். அதனால் கூடமாட வேலைக்கு நான். கதவுக்கு வெளியே நின்று, உள்ளே குனிந்து, ஒரு கையால் ஆக்சிலேட்டரை அமுக்கிக்கொண்டு இன்னொரு கையால் சாவியைத் திருப்ப வேண்டும். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

"போடுங்க" என்றார். சாவியைத் திருப்பினேன். பிளக் இல்லாத இன்ஜின் புஸ் புஸ் என்று சுற்றியது. "போதும்." மீட்டரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "நூத்தி அறுவதுக்கு மேல இருக்கணும். நூத்திப் பத்துதான் கீது." அடுத்ததில் நூறு. மூன்றாவதில் அறுபதுகூட இல்லை.

மூன்றும் இப்படி என்றால் இன்ஜினே போய்விட்டது என்று அர்த்தம். காயலான் கடை வாசலில் என் வேன் நிற்பதுவரை நினைத்துவிட்டேன். அப்போதுதான் அவர் எட்டி என் கையைப் பார்த்தார்.

"இன்னாக்கா, பெடலைத் தடவிக் குடுத்துகினு கீறீங்க? தரை வரிக்கும் அமுக்குங்க. காத்து உள்ள போனாத்தான அமுக்கும்?"

பாதிதான் அமுக்கியிருந்தேன். பிள்ளைகளை ஏற்றி ஏற்றி, அந்தப் பெடலைத் தரைவரைக்கும் மிதிக்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. கையால் அமுக்கும்போதுகூட அது பாதியில் நின்றுவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, உயிர் வந்தது போலவும் இருந்தது. மறுபடி முதலிலிருந்து. இந்த முறை உள்ளங்கையை வைத்து முழுப் பலத்தோடு அழுத்தினேன். முதல் சிலிண்டர் நூற்று எழுபது. இரண்டாவது நூற்று அறுபத்தைந்து. இரண்டும் தங்கம் என்றார். மூன்றாவது தொண்ணூறு.

"இவன்தான்" என்று மூன்றாவதைத் தட்டினார்.

பிறகு ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை அந்த ஓட்டை வழியே விட்டார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால், ஆயில் அந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும், தம் ஏறும். ஏறாவிட்டால் கசிவு மேலே, வால்வில். ரிங் என்றால் முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டும், இரண்டு வாரம். வால்வு என்றால் மேல்பாகமான ஹெட்டை மட்டும் இறக்க வேண்டும், நான்கு நாள். எனக்கு இருந்தது ஒன்றரை நாள். எது வந்தாலும் திங்கட்கிழமை எனக்கு இல்லை என்று தெரிந்தும், முள் ஏறக்கூடாது என்று வேண்டிக்கொண்டே சாவியைத் திருப்பினேன்.

தொண்ணூற்றைந்து. ஏறவில்லை.

நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை. அப்படியே ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஏனென்று எனக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்னால்தான் அவர் அந்த ஹெட்டை இறக்கி, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்திருந்தார்.

"என் வேலைதான்கா பூட்ச்சு. நான் பண்ண வால்வே ஆறு மாசத்துல கெட்டுச்சுன்னா நான் இன்னாத்துக்கு ஷெட்டு வெச்சுகினு கீறேன்?"

இப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் வாய் ஊருக்கே தெரிந்த வாய். ஆட்டோக்காரர்களே வழி விடுவார்கள். ஆனால் அன்றைக்கு அதில் பூட்டுப் போட்டதுபோல் நின்றேன்.

விஷயம் இதுதான். ஹெட் வேலை முடிந்த நாளிலிருந்து இன்ஜினில் டக் டக் டக் என்று மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "அது டேப்பெட் சத்தம், இருக்கட்டும்கா" என்றார். டேப்பெட் என்பது வால்வைத் தட்டித் திறக்கிற பாகம். ஆனால் குழுவில் அதே அம்மா ஒருநாள், "உங்க வேன் வர்றதுக்கு முன்னாடி ஒரு தையல் மிஷின் வருது" என்று எழுதினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானம் தாங்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு ட்ரிப்புக்கும் நடுவில், தாம்பரம் பக்கம் முன்பின் தெரியாத ஒரு ஷெட்டில் நிறுத்தி, "சத்தமே வரக்கூடாது" என்றேன். அரைமணி நேரத்தில் அந்த ஆள் டேப்பெட்டை இறுக்கிக் கொடுத்துவிட்டார். வேன் பூனை மாதிரி ஓடியது. அந்த வாரம் முழுக்க நான் தலையை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினேன்.

மெக்கானிக் இதற்குள் போனை எடுத்துத் திருமுடிவாக்கத்தில் இருக்கும் லேத்துக்காரரை அழைத்துவிட்டார். ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்தைக் கடைந்து கொடுத்தவர் அவர். "இன்னாயா சீட்டு கட் பண்ணிக் குடுத்த நீ? மூணாவது ஊத்துது. என் பேரு போச்சுயா. உன்கிட்ட இனிமே..."

அந்த லேத்துக்காரரை நான் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். ஹெட்டைக் கொண்டுபோன அன்று எனக்கு உட்கார ஸ்டூல் போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த மனிதர் போனில், "இல்ல, நான் சரியாத்தான்..." என்று ஏதோ சொல்ல வருவது எனக்கே கேட்டது.

"அண்ணா, போனை வைங்க."

அவர் கையைக் காட்டி இருங்க என்றார்.

"வைங்கண்ணா! அவரு தப்பு இல்ல. நான் வேற எடத்துல டேப்பெட் டைட் வெச்சேன். போன மாசம்."

அவர் போனைக் காதிலிருந்து இறக்கினார். என்னைப் பார்க்கவில்லை, வேனைப் பார்த்தார். எழுந்து போய் வால்வுக்கு மேலிருக்கும் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒவ்வொரு டேப்பெட் நட்டின் மேலும் அவர் வேலை முடித்ததும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்திருப்பார். நட்டிலும் அதன் நடுத் திருகிலும் சேர்ந்தாற்போல் ஓடும் கோடு. அது அவருடைய கையெழுத்து மாதிரி. மூன்றாவது சிலிண்டரில் அந்தக் கோடு இரண்டாக உடைந்து, பாதி ஒரு பக்கமும் பாதி வேறு பக்கமும் நின்றது. இடைவெளி பார்க்கிற மெல்லிய தகட்டை நுழைத்தார். நுழையவில்லை. இருப்பதிலேயே மெல்லியதை எடுத்தார். அதுவும் நுழையவில்லை. வால்வு முழுக்க மூடவே இடமில்லாமல் ஒரு மாதமாக வெந்துகொண்டிருந்திருக்கிறது.

அவர் கேட்டபோதே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் முதலில் இந்த மூடியைத்தான் திறந்திருப்பார். யாரும் தொடவில்லை என்றேன், தன் மஞ்சள் கோட்டை நம்பி அவர் திறக்கவில்லை.

நட்டைத் தளர்த்தி, தகடு உரசிக்கொண்டு போகிற அளவுக்கு வைத்து, இறுக்கினார். "போடுங்க" என்றார். பெடலைத் தரையோடு அழுத்திச் சாவியைத் திருப்பினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"நூத்தி நாப்பது" என்றார்.

திங்கட்கிழமை எனக்குக் கிடைத்துவிட்டது. அழுகையே வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சி மறைத்துக்கொண்டேன்.

"வால்வு மூஞ்சி லேசா எரிஞ்சு கீது. இப்போதிக்கு ஓடும். மே லீவுல ஹெட்டை இறக்கிடலாம் மேடம்."

மேடம். என் காதில் சரியாக விழவில்லையோ என்று நின்றேன்.

அவர் மறுபடி திருமுடிவாக்கத்துக்குப் போன் போட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் பெயரை இழுக்கப் போகிறார், இழுக்கட்டும் என்றிருந்தது. "மன்னிச்சுக்கயா" என்றார். "தப்பு என் மேலதான். டேப்பெட்டைப் பாக்காம உன்னாண்ட கத்திட்டேன். உன் வேலை நல்லாத்தான் கீது." அவ்வளவுதான் சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை பேசி மனசு ஆறியிருப்பேன்.

பிளக்குகளை மாட்டி, சீட்டைப் போட்டு, சாவியை நீட்டினார். மூன்றாவது நட்டில் புதிதாக ஒரு மஞ்சள் கோடு இழுத்துவிட்டுத்தான் மூடியிருந்தார். இன்ஜினைப் போட்டதும் டக் டக் டக் என்று அந்தப் பழைய சத்தம் வந்தது. "சத்தம் கேக்கும் மேடம். கேக்கலன்னாதான் வரணும்" என்றார்.

திங்கட்கிழமை மேம்பாலத்தை ஏழு பிள்ளைகளோடு நிற்காமல் ஏறினேன். பாதி ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முதல் முறையாக நன்றாக அழுத்தினேன். யூகேஜிப் பெண் கைதட்டினாள். குழுவில் அந்த அம்மா, "தையல் மிஷின் திரும்ப வந்தாச்சு போல" என்று எழுதினார். "ஆமாம், அது இருக்கணும்" என்று பதில் போட்டேன். கோபமே வரவில்லை.

சாயங்கால ட்ரிப் முடிந்து நேராக ஷெட்டுக்குப் போனேன். "பாலம் ஏறிடுச்சுண்ணா" என்றேன். வேறொரு வண்டியின் அடியில் படுத்திருந்தவர் தலையை மட்டும் வெளியே நீட்டி, "சந்தோஷம் மேடம்" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. ஆறு வருடம் அக்காவாக இருந்தவள் நான்.