வேலியோரத்து இட்லிப்பூச் செடிகள்

செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இருந்தது துருப்பிடித்த கம்பிவேலி ஒன்றுதான். பக்கத்து வீட்டு அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். எனக்கு மகள் பிறந்தபோது ஒரு மாதம் முழுக்கப் பத்தியச் சோறு ஆக்கிக் கொடுத்தவள் அவள். அவளுடைய கணவர் ரயில்வே ஆபீஸில் கிளார்க். என் கணவர் பட்டறையில் ஃபிட்டர். ஒருமுறை இரும்புத் தகடு விழுந்ததிலிருந்து அவருக்கு இடது முழங்கால் சரியாக மடங்காது.

அந்த வேலியை மறைத்து இட்லிப்பூ வரிசை ஒன்று வைக்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. சுங்கை பூலோவில் ஒரு நர்சரியிலிருந்து ஆரஞ்சு நிறப் பூப் பூக்கும் செடி ஒன்றை வாங்கி வந்து, இரண்டு வருடம் தொட்டியில் வளர்த்தேன். பூத்து ஓய்ந்ததும் கத்தரித்த கிளைகளில் பென்சில் கனமுள்ளவற்றைப் பொறுக்கி, மணல் நிரப்பிய பால் டின்களில் ஊன்றிப் பிளாஸ்டிக் பையால் மூடி வைத்தேன். இட்லிப்பூ செம்பருத்தி மாதிரி அல்ல, வேர் விட அதற்கு மனசு வர வேண்டும். தினமும் பையைத் தூக்கிப் பார்த்து நானே சிலவற்றைக் கெடுத்தேன். ஐம்பது குச்சியில் இருபத்தாறு பிழைத்தன.

"தரையில நட்டுரலாமாக்கா, இல்ல இன்னும் கொஞ்ச நாள் டின்லயே இருக்கட்டுமா?" என்று கேட்டேன். அவள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"நடு லா. மண்ணுல போனாதான் நல்லா வரும்."

மறுநாள் அவளே மண்வெட்டியோடு வந்து வேலியோரம் பள்ளம் வெட்டிக் கொடுத்தாள். இரண்டு பேரும் இடுப்பு ஒடிய நட்டோம். லோங்காங் கால்வாய் ஓரத்தில் வைத்த நான்கு செடிகள் மட்டும் மாதம் திரும்புமுன் வெளுத்தன. நரம்பு பச்சையாக, இலை மஞ்சளாக. கால்வாய் கட்டியபோது கொட்டிய சிமெண்டு மண்ணில் கிடந்திருக்கிறது. அதைத் தோண்டி எடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கடையில் வாங்கிய தேயிலைச் சக்கையைப் போட்டேன். அந்தச் சக்கையை வாளியில் தூக்கி வந்தவளும் அவள்தான். ஆறாவது மாதம், முழங்கால் உயரம்கூட வளராத செடிகளில் முதல் கொத்துகள் விரிந்தன.

அந்த வாரம் நோட்டீஸ் வந்தது. நிலம் சாலைக்குப் போகிறது, எல்லோரும் காலி செய்ய வேண்டும், மாற்றாக ஃப்ளாட் உண்டு. நான் விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக்கொண்டு ஃப்ளாட் ஒதுக்கும் ஆபீஸுக்குப் போனேன். கணவரின் காலைச் சொல்லிக் கீழ்மாடி கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் பதிவேட்டைப் புரட்டினாள்.

"கீழ்மாடி முடிஞ்சிருச்சுக்கா. முதல்ல பாரம் குடுத்தவங்களுக்குத்தான். இப்ப நாலாவது மாடி மட்டும்தான் இருக்கு. லிஃப்ட் இல்ல." பிறகு எங்கள் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "உங்க பக்கத்து வீட்டுல எட்டு மாசத்துக்கு முன்னாலயே குடுத்துட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலியா?" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது மாதங்களைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். எப்படி எண்ணினாலும், அவள் பள்ளம் வெட்டிய நாளுக்கு முன்பே அந்தப் பாரம் போயிருக்கிறது.

அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே கேட்டேன்.

"ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமாக்கா?"

கையில் இருந்த சட்டையை அவள் உதறவுமில்லை, கொடியில் போடவுமில்லை. "அவரு யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. வெளிய தெரிஞ்சா எல்லாரும் ஓடி வருவாங்க, நமக்குக் கீழ கிடைக்காதுன்னாரு."

"அதச் சொல்ல வேணாம். நான் நடட்டுமான்னு கேட்டப்ப வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"வேணாம்னா ஏன்னு கேட்டிருப்பே," என்றாள்.

 வீட்டுக்குள் போய் அரிசி களைந்தேன். கீழ்மாடி கைவிட்டுப் போனதைவிட, குனிந்து அத்தனை பள்ளமும் வெட்டியபோது அவள் மனசில் என்ன ஓடியிருக்கும் என்பதுதான் என்னைத் தின்றது.

காலி செய்யும் முன் ஒன்பது செடிகளைப் பாதியாகக் கத்தரித்து, வேர்மண்ணோடு தோண்டிச் சாக்கில் கட்டினேன். அவள் வேலிப்பக்கம் வந்து, "கீழ வீட்டுக்கு முன்னால கொஞ்சம் மண்ணு இருக்கு. எனக்கு ரெண்டு தாயேன்," என்றாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவளிடம் நான் முதன்முதலாகச் சொன்ன 'முடியாது' அது. ஆனால் மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்த் திரும்பி வந்தபோது ஏழு சாக்குகள்தான் இருந்தன.

"நான்தான் குடுத்தேன்," என்றார் கணவர். "செடி என்ன பாவம் பண்ணுச்சு? அங்கயாவது மண்ணுல இருக்கட்டும்." அவரிடம் இரண்டு நாள் நான் பேசவில்லை.

நாலாவது மாடி நடைபாதையில் வெயில் காலையில் ஒரு மணி நேரம்தான் எட்டிப் பார்க்கும். ஏழில் மூன்று பிழைத்தன. அவை நீண்டு மெலிந்து, பெயருக்கு ஒரு கொத்துப் பூத்தன. கீழே அவள் வாசலில் இரண்டும் இடுப்பளவு அடர்ந்து பூத்ததைத் தினமும் துணி காயப்போடும்போது பார்த்தேன். கணவர் வேலை முடிந்து வரும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிற்பார். படியில் கால் சத்தம் நின்றுபோகும் அந்த நேரத்தை உள்ளிருந்தே என்னால் அளக்க முடியும்.

அந்த வருடத் தீபாவளிக்கு அவள் முறுக்குத் தட்டோடு மேலே ஏறி வந்தாள். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"இத்தன படியா," என்றாள்.

"அவரு தெனம் ஏறுறாரு," என்றேன்.

அவள் கண் கலங்கியது. நான் முறுக்கை எடுத்துக்கொண்டு, தட்டை வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்று சீனி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். உள்ளே வாங்கக்கா என்று மட்டும் சொல்லவில்லை.