ஒன்றரை மைலுக்கு ஒரு கார்

பம்பாய் தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து மாட்டுங்காவில் இருந்த கல்லூரிக்கு ஒன்றரை மைல் இருக்கும். நடந்தால் அரை மணி நேரம். பஸ்ஸில் போனால், பஸ் வந்தால், பத்து நிமிடம். இந்த இரண்டு வழியிலும் வயசுக்கு வந்த பெண்பிள்ளை ஒருத்தி போய்வர முடியாது என்று என் வாப்பா முடிவு செய்திருந்தார். நடந்தால் ஊர் பார்க்குமாம், பஸ்ஸில் ஏறினால் ஊர் இடிக்குமாம். அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், நான் எஸ்.எஸ்.சி. தேறியதும், தீர்ப்புச் சொன்னார்.

"கார் வாங்குனா காலேஜுக்குப் போ. இல்லன்னா வீட்ல இரு."

கல்லூரியில் சேர ஒருவருக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று அச்சடித்துக் கொடுத்த தாளில் கார் இல்லை. எங்கள் வீட்டில்தான் அது முதல் தகுதியாக இருந்தது.

வாப்பாவுக்குத் தோல் வியாபாரம். கீழே தோல் அடுக்கிவைக்கும் கிட்டங்கி, மேலே வீடு. பாந்திராவிலிருந்து உப்புப் போட்ட ஆட்டுத்தோல் வரும். எங்கள் சந்துத் தொட்டிகளில் சுண்ணாம்பிலும் மரப்பட்டைத் தண்ணீரிலும் ஊறும். பதமாகிக் காய்ந்து, கட்டுக் கட்டாக ஃபோர்ட் வட்டாரத்தில் இருந்த ஏற்றுமதி ஆபீஸ்களுக்குப் போகும். அதுவரை எல்லாம் கைவண்டியிலும் டாக்சியிலும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் சந்து என்றதும் டாக்சிக்காரர்கள் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். குறுகலான சந்து, வண்டியைத் திருப்ப முடியாது, அதனால்தான் வரமாட்டேன் என்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆக, ஒரு வண்டி தேவை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த வண்டி என்பதில்தான் குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வாப்பாவின் தம்பி, தொழிலில் பாதிப் பங்காளி, என் சாச்சா, அவர் டெம்போ கட்சி. மூன்று சக்கர டெம்போ ஒன்று வாங்கினால் கட்டுகளை ஏற்றலாம், இறக்கலாம், வேறு பேச்சே வேண்டாம் என்பது அவர் கொள்கை. டெம்போ வந்தால் தோல் ஊர்வலம் போகும், நான் அடுப்படிக்குப் போவேன். வயசுப் பிள்ளையை டெம்போவில் உட்காரவைத்துக் காலேஜுக்கு அனுப்பும் அளவுக்கு எங்கள் குடும்பம் முன்னேறிவிடவில்லை. ஒரு வருஷத்துக்குள் ஊரிலிருந்து மாப்பிள்ளை பார்த்து விஷயத்தை முடித்துவிடுவார்கள். ஆகவே நான் கார் கட்சி. அந்தக் கட்சியில் ஆரம்பத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

புதுக் காருக்கு எழுதிப்போட்டால் எனக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்து அவர்கள் காலேஜுக்குப் போகும் சமயத்தில் வந்து சேரும் என்றார்கள். அப்போதுதான் தாதரில் ஒரு பார்சிக் கிழவர் தன் சின்னக் காரை விற்கப்போவதாகத் தரகர் ஒருவர் செய்தி கொண்டுவந்தார். சாம்பல் நிறம், இரண்டு கதவு, பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடிவிடும் என்று வர்ணித்தார். கிழவர் அதைப் பத்து வருஷமாகத் தினமும் துடைத்து வந்திருக்கிறார். ஓட்டியது குறைவு, துடைத்ததுதான் அதிகம்.

நான் ஒரு நோட்டும் தையல் டேப்பும் எடுத்துக்கொண்டேன். உள்ளே நீளம், அகலம், உயரம், கதவு எவ்வளவு திறக்கிறது, பின்பக்கப் பெட்டியில் எத்தனை கட்டு கொள்ளும், எல்லாம் அளந்து எழுதினேன். படிப்புக்காக நான் செய்த முதல் ஆராய்ச்சி அதுதான். அதைப் போல உழைத்து நான் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை.

முதல் சோதனை, குடும்பம் கொள்ளுமா என்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போனோம். வாப்பா, உம்மா, சாச்சா, நான், இரண்டு தம்பிகள். "நாலு பேர் காடி, சேட்" என்றார் பார்சி. நாங்கள் ஆறு பேரும் அவர் முகத்தைப் பார்த்தபடியே ஏறினோம். சாச்சா எதிர்க்கட்சி என்பதால் வேண்டுமென்றே முழங்காலை அகட்டி உட்கார்ந்தார். பின்சீட்டில் உம்மாவுக்கு முழங்கால் தாடையைத் தொட்டது.

"கபுறுக் குழிக்குள்ள இதவிட இடம் இருக்கும்" என்றாள் உம்மா.

"அங்க தனியா போவணும். இதுல எல்லாரும் சேந்து போலாம்லா" என்றேன்.

வாப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் பாதி ஜெயித்த மாதிரி. மீதிப் பாதியை உம்மாவே கொடுத்தாள். கல்யாணில் இருந்த அவள் தங்கை வீட்டில் கார் இல்லை. அந்த வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும் காட்சி அவள் மனதில் எப்போது ஓடத் தொடங்கியதோ, அப்போதே முழங்கால் வலி நின்றுபோனது.

அடுத்தது ஏற்றச் சோதனை. ஆறு பேரும் இரண்டு தோல் கட்டும் ஏறி, தாதர் பாலத்தில் வண்டி ஏற வேண்டும். கட்டுகள் எங்கள் மடியில்தான் இருந்தன. கார் இருமியது, முனகியது, ஒரு கைவண்டி எங்களைத் தாண்டிப் போனது, ஆனாலும் உச்சிக்கு வந்துவிட்டது. பார்சிக் கிழவர் முன்சீட்டில், ஓட்டிய வாப்பாவுக்கும் கதவுக்கும் நடுவில் சொருகப்பட்டு, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடியே வந்தார். டயரைக் கவனிக்கிறார், எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று வாப்பா மெச்சினார். இறங்கியதும் இரண்டு பக்கக் கண்ணாடியையும் திறந்துவைத்துவிட்டு ஒரு ஓரமாகப் போய் நின்று கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். வயசாகிவிட்டது, பாவம் என்றாள் உம்மா.

சாச்சா தன் அண்ணனை விடவில்லை. "காக்கா, எல்லாம் சரி. கட்டு எங்க வைக்கது? பிள்ளைக மடியில வச்சே யாவாரம் பாக்கப் போறியளா?"

அதற்கும் என் நோட்டில் பதில் இருந்தது. பின்சீட்டு நாலு நட்டில் நிற்கிறது. ஸ்பானர் இருந்தால் பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். வார நாளில் கழற்றிவைத்தால் ஏழு கட்டு போகும். ஞாயிற்றுக்கிழமை மாட்டினால் குடும்பம் போகும். முன்சீட்டு என்றைக்கும் எனக்கு. இதை நான் சொன்னபோது ஒரு மந்திரி பட்ஜெட் வாசித்த மாதிரி சபை அமைதியாக இருந்தது. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நின்றால் எஞ்சின் முங்குமா, டிரைவர் கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டும்போது பஸ் இடிக்குமா, உதிரி சாமான் கிடைக்குமா என்று இன்னும் மூன்று வாரம் அலசினார்கள். ஒரு கல்யாணத்துக்குக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு விசாரித்ததில்லை. கடைசியில் சாச்சா, "என்னமோ செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போனார். கார் வந்தது.

பின்சீட்டு முதல் திங்கட்கிழமை கழற்றப்பட்டு மாடிக்கு வந்தது. உம்மா அதன்மேல் விரிப்புப் போட்டு சோபாவாக்கினாள். அதற்குப் பிறகு அது காருக்குள் திரும்பிப் போகவேயில்லை. கல்யாணுக்கு வழக்கம்போல ரயிலில் போனோம்.

ஆனால் நான் கல்லூரிக்குப் போனேன். காலையில் ஏழு கட்டுத் தோல் பின்னால், நான் முன்னால். வாப்பா ஸ்டியரிங்கை ஒரு குழந்தையைப் போலக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட்டுவார். என்னை இறக்கிவிட்டுவிட்டு ஃபோர்ட்டுக்குப் போவார். திரும்பும்போது சில நாள் பாந்திராவில் அவசரத்துக்குப் பதமாகாத பச்சைத்தோலும் ஏற்றிக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப்போவார்.

வகுப்பில் நான் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. முன்பெஞ்சும் மெல்ல மெல்லக் காலியானது. அதுவரை நான் படித்தது தாராவிப் பள்ளிக்கூடத்தில். அங்கே ஒரு பெஞ்சில் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு உட்காருவோம். காரில் வந்து இறங்குகிறவள் என்று மரியாதை காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு வாரம், உண்மையாகவே இரண்டு வாரம், தலையைக் கொஞ்சம் தூக்கியே நடந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மூன்றாவது வாரம் மாட்டுங்காப் பெண் ஒருத்தி என்னைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனாள். நல்ல பெண்தான். கைக்குட்டையை மூக்கருகே வைக்கலாமா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டே பேசினாள்.

"தப்பா நெனச்சுக்காதே. உன் புடவைலேர்ந்து என்னமோ ஒரு வாடை வர்றது. எல்லாரும் சொல்றா. நானாவது உங்கிட்ட சொல்லலாமேன்னுதான்."

எல்லாவற்றையும் அளந்தோம். முழங்காலை, பாலத்தை, நட்டை, கிங்ஸ் சர்க்கிள் தண்ணீரை. காருக்குள் தோல் நாறும் என்று ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? எங்களுக்கு அந்த நாற்றமே கிடையாது. அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே சோறு தின்றவர்கள் நாங்கள். பார்சிக் கிழவரின் தலை ஏன் ஜன்னலுக்கு வெளியே இருந்தது என்று அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன்.

வீட்டில் சொல்ல முடியுமா? சொன்னால் கார் தோற்றது. கார் தோற்றால் காலேஜ் போச்சு. சாச்சா மறுநாளே டெம்போக் கடைக்காரனோடு வந்து நிற்பார். வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வேளை குளித்தேன். உம்மாவின் அத்தரை எடுத்துச் சேலையில் தடவினேன். தோலும் அத்தரும் சேர்ந்து ஒரு புதிய நாற்றம் கண்டுபிடித்தேன், பின்பெஞ்சும் காலியானது. காருக்குள் ஏறும்போது எனக்கும் அது அடிக்கத் தொடங்கியது. கல்லூரியில் முதல் பருவத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு மூக்குதான்.

ஜூலையில் ஒரு சாயங்காலம் மழை கொட்டியது. வாப்பா வழக்கமாகத் தெருவோரம் நிறுத்துகிறவர், அன்றைக்கு நான் நனையக்கூடாது என்று வாசல் மண்டபம்வரை காரைக் கொண்டுவந்துவிட்டார். என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் பஸ்ஸுக்குப் போக முடியாமல் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். படிக்கட்டில் பேசியவளும் அதில் ஒருத்தி.

"அந்தப் பிள்ளைகளையும் கூப்பிடுளா. மழையில நிக்கிதுக பாவம். எடஞ்செஞ்சிக்கிடலாம்" என்றார் வாப்பா. அவரே இறங்கி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பாந்திராவிலிருந்து ஏற்றி வந்த பச்சைத்தோல் கட்டுகளை ஒரு பக்கமாக நகர்த்தி, மேலே சாக்கு விரித்தார். சிரித்த முகமாகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் பெண் குனிந்தாள். உடனே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அவளுக்குக் குமட்டியது. வேண்டுமென்று செய்யவில்லை, செய்யாமல் இருக்க முடியவில்லை. மற்றவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்ல மாமா, நாங்க பஸ்லயே போயிக்கறோம்" என்றாள். இரண்டு பேரும் அந்த மழைக்குள் இறங்கி, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்கள். வாப்பா கதவைப் பிடித்தபடியே அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். துண்டு சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது.

வாப்பா காரை வீட்டு வாசலில் நிறுத்தி, இரண்டு கதவையும் திறந்து, தலையை உள்ளே விட்டு இழுத்து இழுத்து மோந்து பார்த்தார். சாச்சாவைக் கூப்பிட்டார். அந்தப் பக்கக் கதவு வழியாகச் சாச்சாவும் தலையை விட்டார். இரண்டு பேரும் எதிரெதிரே கட்டுகளுக்கு மேலே குனிந்து மோந்துகொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லியே காக்கா" என்றார் சாச்சா. அதைச் சொன்னபோது அவர் குரலில் எந்தக் கட்சியும் இல்லை.

வாப்பா என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுதாம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது போதுமாக இருந்திருக்கும். மழையில் ஓடிய அந்த இரண்டு பேர்மேலும் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக, காலியான அந்தப் பெஞ்சில் இனி ஒரு நாள்கூட உட்கார முடியாது என்றிருந்தது.

"தெரியுது வாப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "சரி. நாளையில இருந்து பஸ்ல போ" என்றார். இவ்வளவுதான். பஸ்ஸில் இடிக்கிற ஊர் அப்புறம் அவர் பேச்சில் வரவில்லை. எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. தோல் வாடை ஏறாமல் இருக்க என் சேலைகளை உம்மா எங்களுக்கும் மேலே இரண்டாம் மாடியில் இருந்தவள் அலமாரியில் வைத்தாள். ஒரு மாதத்துக்குள் என் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நாலு வருஷம் படித்து முடித்தேன்.

முன்பெல்லாம் வாப்பா கிட்டங்கியிலிருந்து வந்த கையோடு காலை மட்டும் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அந்த ஜூலைக்குப் பிறகு குளித்துவிட்டுத்தான் வந்தார். குளிக்க நேரமில்லாத நாட்களில், நான் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார்.