அறுபது ஊடைக்கு ஒரு சத்தம்

அப்பா தறியில் உட்கார்ந்துவிட்டால் அவரிடம் எதுவும் கேட்க முடியாது. குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுபதுக்கு ஒருமுறை சேலையில் ஒரு வரிசை புட்டாப் பூ தொடங்க வேண்டும். உதடு அசைய எண்ணிக்கொண்டே, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டுவார். "சோறு போடட்டா?" என்று அம்மா கேட்டால், "நாப்பத்தொண்ணு" என்று பதில் வரும். எண்ணிக்கை தவறிவிடக் கூடாதென்று அந்த எண்ணையே உரக்கச் சொல்லிவிடுவார். அம்மா அதை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்வாள்.

எஞ்சினியரிங் கடைசி வருடத்தில் ப்ராஜெக்ட் செய்ய வேண்டியிருந்தது. வகுப்பில் பாதிப் பேர் சென்னையில் ரெடிமேடாக வாங்கி வந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை இன்றும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வேன். வாங்கிய பெட்டியைக் காட்டி மார்க் வாங்க எனக்கு மனமில்லை. அப்பாவுக்குப் பதிலாக ஊடை எண்ணும் பெட்டி ஒன்றைச் செய்யத் தொடங்கினேன்.

"வெச்சுப் பாரும்மா. சேலை கெட்டுச்சுன்னா பெட்டிய கழட்டிடுவேன்" என்றார் அப்பா. கல்யாணச் சேலை அது.

பெட்டிக்கு மூளையான மைக்ரோகன்ட்ரோலருக்குள் டைமர் என்று ஒன்று உண்டு. அதைப் பல மோடுகளில் ஓட்டலாம். நான் அதைக் கடிகாரமாக ஓட்டினேன். உள்ளே விழும் துடிப்புகளை அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் வரை எண்ணி நிரம்பும். நிரம்பியதும் நான் எழுதிய புரோகிராம் அதை மறுபடி முதலிலிருந்து எண்ண வைக்கும். இப்படிப் பலமுறை நிரம்பினால் ஒரு நிமிடம் ஐம்பது நொடி; அப்போது பெட்டியில் இருக்கும் பஸ்ஸர் கத்தும். அப்பா அறுபது ஊடை போட அவ்வளவு நேரம்தான் ஆனது. ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்று மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் ஒரே கணக்கு. அப்பாவின் கை தவறாது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

முதல் இரண்டு வரிசை சரியாக வந்தது. பிறகு எதிர்வீட்டு மாமா வந்தார். எண்ண வேண்டிய வேலை இல்லாததால் அப்பா கையை நிறுத்திவிட்டு ஒன்றரை நிமிடம் சாவகாசமாகப் பேசினார். பேச்சு முடிந்து நாலு ஊடை போட்டிருப்பார், பஸ்ஸர் கத்தியது. அப்பா புட்டா போட ஆரம்பித்துவிட்டார்.

நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மாதான் முதலில் பார்த்தாள். "இன்னாங்க, ஒரு வரிசை இன்னொண்ணு தலைமேல ஏறி குந்திகினு இருக்குது?"

அப்பா ஊடைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பெட்டி எண்ணியது ஊடையை அல்ல, நேரத்தை. ஸ்டாப்வாட்சோடு நான் நின்றபோது வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் மூன்று முறையும் கணக்கு ஒத்துப்போனது.

"இன்னும் ஒரே ஒரு வாட்டிப்பா" என்றேன்.

"ஒரே வாட்டிதான். பேஜார் பண்ணாத."

டைமரைக் கவுண்டராக மாற்றினேன். புரோகிராமில் ஒரு வரிக்குள் சில எண்கள்தான் மாறின. இனி அது உள்ளே விழும் துடிப்பைப் பார்க்காது. வெளியிலிருந்து வரும் தட்டலை மட்டும் எண்ணும். ஊடையை அடித்து நெருக்கும் சட்டத்தில் ஒரு சின்ன சுவிட்ச் பொருத்தினேன். ஓர் அடிக்கு ஒரு தட்டல். மோடையும் மாற்றினேன். இதில் இருநூற்று ஐம்பத்தாறாவது தட்டலில் நிரம்பும். நூற்றுத் தொண்ணூற்றாறிலிருந்து தொடங்கினால் அறுபதாவது ஊடையில் சத்தம் வரும். பிறகு யாரும் சொல்லாமலே நூற்றுத் தொண்ணூற்றாறுக்குப் போய் நிற்கும்.

அப்பா அதை ஏமாற்றிப் பார்த்தார். பத்து ஊடை போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்வந்தார். இருபது ஊடையை ஜல்தியாகப் போட்டார். பிறகு வேண்டுமென்றே எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிட்டு மழையைப் பற்றிப் பேசினார். உள்ளுக்குள் தானும் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. அறுபதில் பஸ்ஸர் கத்தியது.

"கரெக்டா கீதுல்ல?" என்றார் மாமா.

அப்பா புட்டாவைப் போடத் தொடங்கினார். அடுத்த வரிசையில் அவர் உதடு அசையவில்லை. அம்மாவிடம், "இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று கேட்டார். கை ஓடிக்கொண்டே இருந்தது.

"கல்யாணம் ஆயி இத்தன வருஷத்துல இப்பதான் இத கேக்குறாரு" என்றாள் அம்மா என்னிடம்.

ப்ராஜெக்ட் காட்ட மூன்று நாள் இருக்கும்போது பெட்டியைக் கழற்றப் போனேன். அப்பா என் கையைத் தள்ளிவிட்டார்.

"சேல பாதியில கீது. காலேஜுக்கு வேற ஒண்ணு செஞ்சிக்கோ."

இரண்டே நாளில் செய்தேன்.